ஒரு வாய்க்கு மேல் சாப்பிடாத சுமன்

1. நானும் என் கணவர் பாலுவும் சிங்கப்பூரிலிருந்து பம்பாய்க்குப் போனோம்.
2. செம்பூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்துவந்த சுமன் என்ற இரண்டரை வயதுப் பெண்ணுக்கு எங்களைக் காப்பாளர்களாக நியமித்து நீதிமன்றம் உத்தரவு போட்டது. முறைப்படி தத்தெடுப்பது சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடக்கவேண்டும்.
3. பாலுவுக்கு விடுப்பு முடிந்தது. அவர் திரும்பிப் போனார். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்காக நான் தங்கினேன்.
4. "உங்களோடு கொஞ்சம் பழகட்டும்" என்று சொல்லி இல்லத்தார் சுமனை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள்.
5. சுமன் சாப்பிடவில்லை.
6. மழை பெய்தது.

முதல் நான்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆறாவதைப் பற்றிப் பம்பாய்க்காரர்களிடம் வாயே திறக்கக் கூடாது, "இதெல்லாம் ஒரு மழையா?" என்பார்கள். ஆகவே இது ஐந்தாவதைப் பற்றி.

செம்பூரிலிருந்து, நான் தங்கியிருந்த மாட்டுங்கா லாட்ஜுக்கு அவளை டாக்சியில் கூட்டிவந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்து, கிலுகிலுப்பை, பிளாஸ்டிக் வாத்து, இரண்டு கைக்குட்டை, மாற்று உடுப்பு எல்லாம் பையில் மேலாகவே வைத்திருந்தேன். எதற்கும் வேலை வரவில்லை. என் மடியில் நிமிர்ந்து, யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்சியில் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் வைப்பர் இருந்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் பம்பாய் முழுவதும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு டாக்சி வீதிக்கு வந்தால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும்.

என் இந்தி, பாலுவோடு உட்கார்ந்து இந்திப் படங்கள் பார்த்துக் கற்றது. கேட்டால் புரியும், பேச வராது. ஓட்டுநர் "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். கண்ணாடியில் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் சிங்கப்பூரிலிருந்து இங்கே டூ-இன்-ஒன் ரேடியோ கொண்டுவருவார்கள். நீ இங்கிருந்து பிள்ளையைக் கொண்டுபோகிறாயா? நல்ல வியாபாரம்தான், தங்கச்சி."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது அவரே குடை பிடித்து எங்களை லாட்ஜ் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மாட்டுங்கா எனக்கு வெளிநாடாகவே தோன்றவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நாங்கள் தேடித் தேடி வாங்குகிற வாழையிலை, நார்த்தங்காய், புது மஞ்சள், கனகாம்பரம் எல்லாம் இங்கே நடைபாதையில் காலில் இடறும். காலையில் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனையில்தான் விழிப்பு வரும். லாட்ஜுக்குக் கீழே மெஸ். அதில் இட்லி வைக்கிறவரும் கணக்குக் கேட்கிறவரும் தமிழில் பேசுவார்கள். சண்டை மட்டும் இந்தியில்.

லாட்ஜ் மானேஜர் வெங்கட்ராமன் மாமாவும் தமிழர். ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் டைம்டேபிளை இன்னும் வைத்திருந்தார். அவர் முன்னால்தான் அன்று சாயங்காலம் சுமனுக்கு முதல் முறையாகச் சோறு ஊட்டினேன். மெஸ்ஸிலிருந்து தயிர்சாதம், குழைவாகப் பிசைந்தது. வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள். நன்றாக மென்று விழுங்கினாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த வாயை நீட்டினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு வலது பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே சுவரும் காலண்டரும்தான் இருந்தன. கொஞ்சம் காத்திருந்து மறுபடி நீட்டினேன். உதடு பிரியவில்லை. கெஞ்சினேன், பாடினேன், வாத்தைப் பேசவைத்தேன். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, ஒரு தடவை தெறக்கறது, மூடிக்கறது. பேங்க் கவுண்ட்டர் மாதிரின்னா இருக்கு!"

மறுநாள் இட்லி: ஒரு வாய். பருப்புசாதம்: ஒரு வாய். வாழைப்பழம்: ஒரு கடி. பாலை மட்டும் தம்ளரைக் கையில் பிடித்துப் பாதி குடித்தாள். பிஸ்கட்டைக் கொடுத்தபோது வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னையும் கதவையும் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் அது அவள் கைச்சூட்டில் நமுத்து உதிர்ந்தது. சாப்பிட மாட்டேன் என்று அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் அழவே இல்லை. ஒவ்வொரு வேளையும் முதல் வாயை அவ்வளவு ஆசையாக வாங்குவாள்.

நான் தொலைக்காட்சிப் பெட்டிக்கான மின்பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலைபார்ப்பவள். ஒன்று ஓடவில்லை என்றால் காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். அப்படியே யோசித்தேன். காய்ச்சல்? உடம்பு சில்லென்று இருந்தது. வாய்ப்புண்? விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், இல்லை. காரம்? தயிர்சாதத்தில் என்ன காரம். மிஞ்சியது ஒன்றுதான்: ஊட்டுகிற ஆள்.

தபாலாபீசில் காத்துக் கிடந்து பாலுவுக்கு டிரங்க் கால் போட்டேன்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கல போலருக்கு."

"எனக்கே ஒன்னைப் பிடிக்க ரெண்டு வருஷமாச்சே. அவளுக்கு ரெண்டு நாளுதானே ஆவுது?" என்றார். பிறகு அவர் குரலும் இறங்கிவிட்டது. "ஏதாவது குடிக்கவாவது குடிக்கிறாளா, விமலா?" என்று கேட்டார். லைன் அறுந்தது.

மூன்றாம் நாள் எடை பார்க்கச் செம்பூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இல்லத்து டாக்டர் தராசைப் பார்த்தார், பழைய அட்டையைப் பார்த்தார், தராசை இன்னொரு தடவை பார்த்தார். இல்லத்தை நடத்தும் பிரதான் மேடமும் பக்கத்தில் நின்றார். கண்டிப்பானவர், ஆனால் என்னிடம் பேசும்போதெல்லாம் சுமனின் தலையைத் தடவிக்கொண்டே பேசுவார்.

"எடை இறங்கிக்கொண்டே போகும் குழந்தையை விமானத்தில் ஏற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர்.

மேடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "திங்கட்கிழமை வரை பார்ப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் அவள் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் மழைக்காலம் முடிந்து திரும்ப வாருங்கள். சில குழந்தைகளுக்கு இடம் மாறுவது ஒத்துக்கொள்வதில்லை. அது யாருடைய தப்பும் இல்லை."

யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லும்போது மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார். என் விடுப்பும் அடுத்த வாரத்தோடு சரி. இன்னொரு முறை கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பும்போது டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. ரயிலில் குர்லா வந்து, அங்கே வேறு வண்டி மாறவேண்டும். வந்து நின்ற வண்டியில் பெண்கள் பெட்டியைத் தேடிப் பிடித்து ஏறிவிட்டேன். உள்ளே ஈரப் புடவை வாசனை. ஒருத்தி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டாள். மாட்டுங்கா என்றேன். பெட்டியே சிரித்தது.

"இது ஃபாஸ்ட் வண்டி, அம்மா. மாட்டுங்காவுக்குக் கையை மட்டும்தான் ஆட்டும். தாதரில் இறங்கித் திரும்பி வா. கதவுப் பக்கம் இப்போதே வந்து நில். பிள்ளையை என்னிடம் கொடு, முதலில் நீ குதி!"

யோசிக்க நேரமில்லை. தாதரில் ஏறுகிறவர்களுக்கு, இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணமே கிடையாது. தள்ளுமுள்ளில் நான் நடைமேடையில் வந்து விழுந்தேன். சுமன் உள்ளே, கீரைக்காரியின் கையில், தலைகளுக்கு மேலே. அவ்வளவு நாளும் அழாத குழந்தை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வீரிட்டது. "மாவ்ஷீ!"

மராத்தியில் அது சித்தி என்பதுபோல. இல்லத்தில் ஆயாக்கள் எல்லோருமே குழந்தைகளுக்கு மாவ்ஷிதான். எனக்கென்று தனியாக வைத்த பெயர் இல்லை. இருந்தாலும் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தாள் என்று தெரியவில்லை, என்னிடம் வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு வெந்தயக்கீரைக் கட்டும் வந்தது; ஏன் என்று இன்றுவரை தெரியாது. மாட்டுங்கா வரும்வரை என் ரவிக்கையின் கழுத்தைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. அன்று சாயங்காலம் கீரைச்சோறு: ஒரு வாய்.

வெள்ளிக்கிழமை தாராவிக்குப் போனோம். பாலு வேலைபார்க்கும் கடைக்குத் தோல் பைகள் தைத்து அனுப்புகிறவர் அங்கே இருக்கும் சதக் காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் சொல்வார்கள். செம்பூர் இல்லத்தைப் பற்றி எங்களுக்கு எழுதியதே அவர் மனைவி ஜைனம்பு லாத்தாதான். பகல் சாப்பாட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்.

சந்துக்குள் நுழையும்போதே பதனிட்ட தோலின் வாசனை முகத்தில் அடித்தது. கீழே பட்டறை, மேலே வீடு. இடையில் ஓர் இரும்பு ஏணி. ஒரு கையில் பிள்ளையோடு எப்படி ஏறுவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"என்ன விமலா, ஏணியப் படம் புடிக்கியா? புள்ளைய இங்க நீட்டு. நீ ரெண்டு கையாலயும் புடிச்சு ஏறி வா."

"அவ யார்கிட்டயும் போகமாட்டா, லாத்தா."

"எங்கிட்ட வராத புள்ள தாராவியிலயே கிடையாது. குடு."

போனாள். ஏறியதும் நடந்ததையெல்லாம் சொன்னேன், திங்கட்கிழமைக் கெடு உட்பட. லாத்தா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். "சரி, மொதல்ல நீ உண்ணு. பசியோட இருக்கிறவ ஊட்டுனா எந்தப் புள்ள உண்ணும்?" என்றார்.

ஆண்கள் தொழுகை முடிந்து கீழே பட்டறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேலே பெண்களுக்குப் பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டை இறக்கினார் லாத்தா. சஹன் என்பார்கள். தனித்தனித் தட்டு கிடையாது. நெய்ச்சோறும், கறியும், கத்தரிக்காய் போட்ட பருப்பும் அந்த ஒரே தட்டில்தான். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடவேண்டும். எனக்குப் புதிது. என் எல்லை எதுவரை என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். லாத்தாவின் மூத்த மகள் மர்யம் சிரித்தபடி இந்தியும் தமிழுமாகச் சொன்னாள். "ஆன்ட்டி, பார்டர் எல்லாம் இல்ல. ஆராம்ஸே, நிதானமா சாப்பிடுங்க."

லாத்தாவின் சின்ன மகள்கள் இருவருக்கும் ஊட்டித்தான் ஆகவேண்டும். சுமனை அவர்கள் பக்கத்தில் உட்காரவைத்தார். உருண்டை பிடித்து, அந்த இருவரில் மூத்தவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, சுமனுக்கு ஒன்று. சுமன் வழக்கம்போல ஆசையாக வாங்கிக்கொண்டாள். நான் என் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டு வலது பக்கம் திரும்பினாள்.

வலது பக்கம் மர்யம் இருந்தாள். லாத்தா விளையாட்டாக அவள் வாயிலும் ஒன்றைத் திணித்தார். "நீ மட்டும் என்ன கொறச்சல்?" அடுத்து எனக்கு ஒன்று. பிறகு மறுபடி மூத்தவள். சுமனின் முகம் அந்தக் கையோடு சேர்ந்தே சுற்றியது. மூத்தவள் மென்றாள், சின்னவள் மென்றாள். கை இன்னும் தன்னிடம் வந்து சேரவில்லை. அதற்குள் சுமன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாய். மூன்றாவது சுற்று வந்தது, மூன்றாவது வாய்.

அவள் சாப்பிட மறுக்கவில்லை. தன் முறை வரட்டும் என்று காத்திருந்தாள். ஒரு வாய் வாங்கினால் அடுத்தது பக்கத்திலிருப்பவருக்கு. எல்லோருக்கும் போய்விட்டுத்தான் தன்னிடம் வரும். நானோ ஒருத்தியை மட்டும் உட்காரவைத்து, அவள் முறை வருவதற்கு முன்பே நீட்டிக்கொண்டிருந்தேன். பிறத்தியார் வாய்க்குப் போகவேண்டியதை அவள் எப்படி வாங்குவாள்? கையில் உதிர்ந்த பிஸ்கட்டும் அதுதான். எல்லோர் கைக்கும் வந்துசேரட்டும் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

லாத்தாவிடம் சொன்னேன். அவர் கை உருண்டையோடு அப்படியே நின்றது. "யா அல்லாஹ்! இத்துனூண்டு புள்ள, பந்தி முடியட்டும்னு காத்துக் கெடந்துச்சா?" என்று சுமனை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். முத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, அவள் அடுத்த உருண்டை சரியாக மூத்தவளுக்குப் போகிறதா என்று பார்த்தாள்.

ஆக எனக்குத் தேவை ஒரு பந்தி. லாட்ஜில் அதற்கு ஆள் பிடிப்பது எளிதாக இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெருக்கித் துடைக்கும் கங்கு பாய் சம்மதித்தாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. மாமாதான் முரண்டு பிடித்தார்.

"ஏகாதசிம்மா இன்னிக்கு. பச்சத் தண்ணிதான். வேணும்னா வாயைத் தெறக்கறேன், நீ போடற மாதிரி கையை ஆட்டு. கொழந்தைக்கு என்ன தெரியப்போறது?"

வரிசையாக உட்கார்ந்தோம். சுமனுக்கு ஒன்று, கங்கு பாய்க்கு ஒன்று. மாமாவுக்கு வெறும் கை. மாமா மிகவும் ரசித்து மென்றார். எனக்கு ஒன்று. மறுபடி சுமன். வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய் மாமாவின் முகத்துக்கு நேரே நின்று, விரலால் அவர் உதட்டை விலக்கிப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள், புகார் மாதிரி. "நஹி மிலா." இவருக்குக் கிடைக்கவில்லை.

"பழம் சாப்பிடலாம்" என்றார் மாமா. "ஏகாதசிக்குப் பழம் தோஷமில்லை. உரிச்சுக் கொண்டா."

வாழைப்பழத் துண்டுகளோடு மாமாவும் பந்தியில் சேர்ந்தார். அன்று சுமன் கிண்ணத்தைக் காலி செய்தாள். மறுநாள் மாமா தானாகவே வேளைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். மெஸ்ஸில் இட்லி வைக்கிறவர்கூட ஒரு வேளை வந்து வாயைக் காட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை செம்பூரில் டாக்டர் தராசைப் பார்த்தார். போன எடை முழுவதும் திரும்பியிருக்கவில்லை, பெரும்பாலும் வந்திருந்தது. "என்ன கொடுத்தீர்கள்?" என்றார். "கம்பெனி கொடுத்தோம்" என்றேன். புரியாமலே கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் சுமனைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். குழந்தைகளின் சாப்பாட்டு நேரம் அது. அதுவரை நான் பார்த்ததே இல்லை. சுவரோரம் கால்நீட்டி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆயா, ஒரு தட்டு கிச்சடி, ஒரு ஸ்பூன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். சுமன் வரிசையின் நடுவில், யாரோ நகர்ந்து கொடுத்த தன் பழைய இடத்தில், ஒரு நாளும் அங்கிருந்து போகாதவள்போல உட்கார்ந்திருந்தாள்.

கையில் டாக்டரின் காகிதத்தோடு வாசலில் நின்றேன். உள்ளே போய்த் தூக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று மேடம் சொன்னது சரிதானோ என்று அந்த நிமிடம் நினைத்தேன். ஸ்பூன் அவளிடம் வந்தது. வாங்கிக்கொண்டாள். வலது பக்கம் திரும்பினாள். ஸ்பூன் கோடிவரை போய்த் திரும்பி, மறுபடி அவளிடம் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஆயா அதட்டினாள். சுமன் கையை நீட்டி வாசலைக் காட்டினாள்.

"மாவ்ஷி."

ஆயாவுக்குப் புரியவில்லை. "நான்தான்டி மாவ்ஷி, சாப்பிடு" என்றாள்.

சுமன் தலையை ஆட்டினாள். விரல் என்னைவிட்டு நகரவில்லை. வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆயா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, அதே ஸ்பூனால் என் வாயில் கிச்சடி ஊட்டினாள். உப்புக் குறைவு, சூடு ஆறிப்போனது. நான் மென்று விழுங்கும்வரை சுமன் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

தட்டு காலியானதும் தானாகவே எழுந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதைய நிலை இது. சுமன் எங்களோடு சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டில் இருக்கிறாள். இங்குள்ள நீதிமன்றத்தில் மனு கொடுத்தாகிவிட்டது, விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதுவரை காகிதத்தில் நாங்கள் காப்பாளர்கள்தான். எடை அட்டையில் கோடு மேலே போகிறது. பாலுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், என்னை மாவ்ஷி என்கிறாள், நாங்கள் திருத்தவில்லை. தட்டுக்கழுவும் இடத்தில் ஒரு தட்டுதான் இருக்கும். மூன்று பேரும் அதில்தான் சாப்பிடுகிறோம். முதல் வாய் யாருக்கு என்பதை அவள் சொல்கிறாள்.